குழலில் நின்ற குண்டு

போன மாதம் ரம்யா போன் செய்தாள். ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். மலையோரத்தில் பயிரை நாசம் பண்ணும் காட்டுப் பன்றிகளைச் சுட லைசென்ஸ்காரர்களுக்கு அனுமதி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வேலை கூடிவிட்டதாம்.

"மேடம், நேத்து ஒரு ரைஃபிள் வந்துது. ஆன்லைன்ல வாங்கின ஸ்கோப்பை இன்சுலேஷன் டேப் சுத்தி நிறுத்தியிருக்கா. உங்க ரப்பர் தோட்டக் கேஸ் ஓர்மை வந்துது. இங்கே ஆளுக்கு ஒரு மாதிரி அதைச் சொல்றா. துப்பாக்கி வெடிச்சு அனில் சாரோட கை போச்சுன்னுகூட ஒருத்தர் சொன்னார். நீங்களே ஒண்ணு எழுதி வச்சுடுங்கோ."

துப்பாக்கி வெடிக்கவில்லை. அனில் சாருக்கு இரண்டு கையும் இருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரின் பெயரை விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதினேன், சாட்சியை மலையாளத்தில் சொன்னேன். பயந்தது மட்டும் தமிழில்தான். அதனால் இதைத் தமிழில் எழுதுவதே சரி.

வலியசாலை அக்ரஹாரத்துப் பெண் துப்பாக்கி சுடும் வேலைக்குப் போனது அந்தக் காலத்தில் தெருவில் பெரிய பேச்சு. இயற்பியல் படித்திருந்தேன், பரீட்சை எழுதினேன், எந்தப் பிரிவு காலியோ அதில் போட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருஷம் தோட்டா உறைகளைக் கழுவி, எண் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். அது ஒரு பழக்கமாகி, விடுவதற்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

அந்த நாட்களில் எனக்கு மேலதிகாரி ஜோசப் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி கையில் இருக்கும்போது அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதை வாயால் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "நான் போல்ட்டைத் திறக்கப் போறேன். திறந்தாச்சு. உள்ளே ஒண்ணுமில்லே. பார்வதி, நீயும் நோக்கு." நான் பார்த்து, "ஒண்ணுமில்லே சார்" என்று சொல்லும் வரை அவர் கை அசையாது. புதிதாக வந்த போலீஸ்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். அவர் வேலைக்கு வந்த புதிதில், பக்கத்தில் நின்ற நண்பர் ஒருவர், பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கி ஒன்றைத் தோளில் வைத்துச் சுட்டார். குழல் பின்பக்கமாகப் பிளந்தது. "அவன் கண்ணு போச்சு. என்னோட சட்டையிலே அவன் பல்லு ஒண்ணு ஒட்டியிருந்தது." அவ்வளவுதான் சொன்னார். மிச்ச டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைத்தார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த விதிகளில் முக்கியமானது ஒன்று. வீட்டில் வெடிமருந்து நிரப்பிய தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடக் கூடாது. கடையில் கிடைக்கும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தால், சிலர் சுட்ட உறையையே எடுத்துப் அடியில் தீப்பொறி எழுப்பும் புது கேப் பொருத்தி, கைக்குக் கிடைத்த மருந்தைக் கொட்டி, குண்டை அழுத்தி வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். உள்ளே என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்பது நிரப்பியவனுக்கே தெரியாது.

இனி அந்தக் கேஸ்.

எனக்கு ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. ஜோசப் சார் ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிரிவுக்குத் தலைவராக அனில் சார் வந்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அம்மா வழியில் நாகர்கோவில்காரர், அதனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். கெட்டிக்காரர், நல்லவர். ஆனால் எதையும் சீக்கிரம் முடிக்கவேண்டும் அவருக்கு.

மலையோரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடியற்காலையில் பால் எடுக்கப் போன மணியன் என்பவர் மார்பில் குண்டு பாய்ந்து இறந்துபோனார். சுட்டவர் பக்கத்து நிலத்துக்காரர் சுகுமாரன், பன்றி சுட அனுமதி பெற்றவர். "பன்றியைத்தான் சுட்டேன், மணியன் பின்னால் மரத்துக்குப் பக்கத்தில் நின்றது தெரியாது" என்பது அவர் வாக்குமூலம். ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் வேலித் தகராறு இருந்தது. அதற்கு முந்தின வாரம்கூட நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறார்கள். போலீஸ் கொலை என்று கேஸ் எழுதியது.

பன்றியின் குளம்புத் தடத்துக்கும் மணியன் விழுந்த இடத்துக்கும் நடுவில் இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. கோர்ட் எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான். அறுபது மீட்டர் தூரத்திலிருந்து பன்றியைக் குறி வைத்துச் சுட்டால், இந்தத் துப்பாக்கியும் மேலே மாட்டிய இந்தக் குறிபார்க்கும் ஸ்கோப்பும் இந்தத் தோட்டாவும் குண்டை அவ்வளவு தள்ளிக் கொண்டுபோகுமா? போகும் என்றால் விபத்தாக இருக்கலாம். போகாது என்றால் சுகுமாரன் மணியனைத்தான் குறி வைத்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய ரைஃபிள், குழல் மோசமில்லை. அதன் மேல் விலை மலிந்த ஒரு ஸ்கோப். அதைத் தாங்கும் வளையங்களில் ஒன்று விரலால் தொட்டாலே லேசாக நகர்ந்தது. கூடவே பதினொரு தோட்டாக்கள், எல்லாம் வீட்டில் நிரப்பியவை. இரண்டின் கழுத்தில் மயிரிழை போல வெடிப்பு. நான் அவற்றுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு, நாலைப் பிரித்து மருந்தை நிறுத்தேன். நாலும் நாலு எடை. அதிலும் மருந்து ரைஃபிளுக்கு உரியதல்ல. வேறு வகைத் தோட்டாவிலிருந்து கொட்டி எடுத்தது, சட்டென்று எரியக்கூடியது.

"மிச்சம் ஏழு இருக்கில்லே. ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்துடலாம்" என்றார் அனில் சார். "சுகுமாரன் சுட்டது தோள்ல வச்சு. நாமளும் அப்படிச் சுட்டாத்தான் கோர்ட் ஒத்துக்கும். நானே சுடறேன்."

"வேண்டாம் சார்."

"அவன் இதே தோட்டாவைத்தானே இத்தனை நாள் சுட்டான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலியே."

"அது அவனோட அதிர்ஷ்டம் சார். நாம அதை நம்பிப் படுக்க முடியாது."

அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் நான் சொன்ன வழிக்கு ஒத்துக்கொண்டார். ஸ்கோப்பைச் சோதிக்கக் கம்பெனித் தோட்டா போதும், அதைத் தோளில் வைத்துச் சுடலாம். வீட்டுத் தோட்டாவைத் தனியாகச் சோதிக்கலாம். துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் பூட்டி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே பார்த்துக் குறியை நேராக்கி, சுவருக்குப் பின்னால் போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழல் வழியே பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா.

ரேஞ்சுக்கு மூன்று பேர் போனோம். நான், அனில் சார், அட்டெண்டர் செல்லையா. செல்லையா களியக்காவிளைப் பக்கம், ஆய்வகத்தில் இருபது வருஷ சர்வீஸ். குறித்தாள் ஒட்டுவதும் கயிறு இழுப்பதும் அவர் வேலை. மழை நின்று வெயில் அடித்த காலை நேரம். தரையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

முதலில் கம்பெனித் தோட்டா. அனில் சார் படுத்துத் தோளில் வைத்துச் சுட்டார். குறியின் நடுவைப் பார்த்துத்தான் ஐந்தும் சுட்டார். முதல் குண்டு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. இரண்டாவது இன்னும் தள்ளி. ஒவ்வொரு உதைக்கும் அந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாவது குண்டு இரண்டு முழம் தள்ளி, பலகையின் ஓரச் சட்டத்தில் போய்க் குத்தியது. செல்லையா அளந்து சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு எழுதினேன். சுகுமாரன் சொன்னது நடந்திருக்கலாம். அதுவரை அவரைக் கொலைகாரர் என்றே மனதுக்குள் தீர்மானித்திருந்தேன்.

பிறகு துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டினோம். ஐந்தாம் எண் தோட்டா. கயிற்றை இழுத்ததும் பெரிய சத்தம். குண்டு குறிக்கு மேலே பட்டது. ஆறாம் எண், குறிக்குக் கீழே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான் குழல் வழியே பார்த்தேன். ஏழாம் எண்ணை இழுத்தபோது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. காதுக்கு அடைப்பு வைத்திருந்ததால் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அடைப்பைக் கழற்றினேன்.

செல்லையா தொலைநோக்கியில் பார்த்தார். "அம்மா, தாள்ல ஓட்டையே இல்ல கேட்டியளா. பலகையிலயும் காணல."

"பலகையிலும் இல்லையா?" அனில் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குழல் வழியா நேரா வச்ச குறி! அதுவே பலகைக்கு வெளியே போயிருக்குன்னா இந்தத் தோட்டா எங்கே வேணாலும் போகும், மேடம். கேஸே இதுதான்." சொல்லிக்கொண்டே பதிவுத்தாளை வாங்கி, ஏழுக்கு நேரே 'குறி தவறியது' என்று எழுதினார்.

நான் ஓட்டை எங்காவது இருக்கிறதா என்று பார்க்கப் பலகையை நோக்கி நடந்தேன். செல்லையாவும் வந்தார். கிட்டே போய்ப் பார்த்தோம், ஒன்றுமில்லை. செல்லையா மெதுவாகச் சொன்னார், "சத்தமும் ஒருமாதிரி பொசுக்குன்னுதாம்மா போச்சு. நம்ம காதுல பஞ்சு இருந்ததால இருக்கும்னு நினைச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டு தடவையும் தாங்கி குலுங்கியது, அடியில் இருந்த மணல் மூட்டையிலிருந்து மணல் உதிர்ந்தது. மூன்றாவது தடவை மணல் உதிரவில்லை. ஏழாம் எண் தோட்டாவில் மருந்து அநேகமாக இல்லை. குண்டு எங்கேயும் போகவில்லை. குழலுக்குள்ளேயே நிற்கிறது.

திரும்பிப் பார்த்தேன். தாங்கி காலியாக இருந்தது. அனில் சார் பாயில் படுத்திருந்தார், துப்பாக்கி தோளில். பக்கத்துப் பலகையைப் பார்த்து, எங்களுக்கு ஆபத்தில்லாத திசையில்தான் நீட்டியிருந்தார். எட்டாம் எண் தோட்டாவைத் தோளில் வைத்து ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. செல்லையாவும் நானும் முன்னால் இருப்பதால் நாங்கள் ஓரமாகத் திரும்பி வரக் காத்திருந்தார். நாங்கள் அவர் படுத்திருந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வந்துவிட்டால் சுட்டுவிடுவார்.

கத்த வேண்டும் என்று தோன்றியது, கத்தப் பயமாக இருந்தது. விசையில் விரல் வைத்திருக்கும் மனிதரைத் திடுக்கிட வைத்தால் அந்த விரல் என்ன செய்யும்? செல்லையாவின் கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினேன். "நீங்க நகரப்படாது. நீங்க இங்கே நிக்கற வரைக்கும் அவர் சுட மாட்டார்" என்றேன். செல்லையாவுக்குப் புரிந்தது. அங்கேயே நின்றார்.

நான் ஓரமாக நடந்தேன். ஓடவில்லை. ஜோசப் சார் பேசுவது மாதிரி, ஒரே குரலில் பேச ஆரம்பித்தேன்.

"சார், நான் உங்க வலது பக்கமா வரேன். நடந்துதான் வரேன். செல்லையா இன்னும் பலகைக்கிட்டே நிக்கறார்."

"அவரை வரச் சொல்லுங்கோ மேடம். ஒண்ணே ஒண்ணு, சுட்டுடறேன்."

"வருவார் சார். நீங்க விரலை வெளியே எடுங்கோ. நான் உங்க தோளைத் தொடப் போறேன். தொட்டாச்சு. இப்ப நீங்க போல்ட்டைத் திறக்கணும்."

"என்ன மேடம், என்னாச்சு?"

"முதல்ல திறங்கோ சார். அப்புறம் சொல்றேன்."

திறந்தார். எட்டாம் எண் தோட்டா வெளியே வந்து பாயில் உருண்டது. நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, டப்பா பக்கத்திலேயே இருந்தது. பிறகு செல்லையாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுத்தம் செய்யும் கம்பியை எடுத்து, குழலின் முன்வாய் வழியே விட்டார். பாதி தூரம் போய் 'டக்' என்று நின்றது. அழுத்தினார், நகரவில்லை.

"அடைச்சிருக்கு சார்" என்றார்.

அனில் சார் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். குழலில் ஒரு குண்டு அடைத்து நிற்கும்போது பின்னாலிருந்து இன்னொன்றைச் சுட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவர் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டை மேல்தான் சாய்ந்திருந்தது. எழுந்து வேலி வரை போனார், குனிந்து வாந்தியெடுத்தார். திரும்பி வந்து பதிவுத்தாளைக் கேட்டார். தான் எழுதிய 'குறி தவறியது' என்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 'குண்டு குழலில் தங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நான் தோள்ல எடுத்ததையும் எழுதுங்கோ மேடம்" என்றார். "ஒண்ணையும் விடவேண்டாம்."

எழுதினேன். ஆய்வகத்துக்கு வந்து மிச்சமிருந்த நாலு தோட்டாவையும் பிரித்தோம். பதினோராம் எண்ணில் மருந்து ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்தது. எட்டில் நடுத்தர அளவுதான். அடைத்த குழலைப் பிளக்க அதுவே தாராளம்.

வீட்டுக்குப் போனதும் என்னவர் கேட்டார், "என்னாக்கும் பாரு, சாதம் அப்படியே இருக்கு? ஆபீஸ்லே யாராவது ஏதாவது பறைஞ்சாளா?"

"ஏன்னா, ஒண்ணுமில்லே. வெயில்லே நின்னது." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்கு நான் இதைச் சொன்னது ஓய்வுபெற்ற பிறகுதான்.

கேஸ் விசாரணைக்கு வந்தபோது நான் ஓய்வுபெற்று ஆறு மாதம். சம்மன் வீட்டுக்கு வந்தது. எத்தனையோ தடவை கூண்டில் ஏறியிருக்கிறேன், ஆனால் அன்று போலப் பயந்ததில்லை. அடித்துத் திருத்திய ஒரு வரி அந்த ரிப்போர்ட்டில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது எல்லாமே பொய் என்று சொல்லிவிட்டால்?

சுகுமாரன் தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்தார். தோட்டா கண்டபடி போகும் என்று காட்டும் முதல் வரி நின்றிருந்தால் அவர் கட்சிக்கு இன்னும் பலம். முதலில் குறி தவறியது என்று எழுதி ஏன் அடித்தீர்கள், யார் சொல்லி அடித்தீர்கள் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன், அனில் சார் படுத்ததையும், கம்பி நின்றதையும். "கடைசி நாலு தோட்டாவைச் சுடாமலேயே பிரித்துவிட்டீர்களே, ஏன்?" என்றார். "பயம்" என்றேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளலாம்" என்றேன்.

ஸ்கோப் நகர்ந்ததையும், ஐந்தாவது குண்டு இரண்டு முழம் தள்ளிப் போனதையும் சொன்னபோது சுகுமாரன் கூண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உருவத்தில் சின்ன மனிதர். கைகளில் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து மண் பிடித்த நகங்கள். கொலை என்ற பேச்சு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது நீதிபதி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த ஸ்கோப் தவறாக இருக்கிறது என்பது சுட்டவருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வழி உண்டா?

பதில் எனக்குத் தெரியும். அது சுகுமாரனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஸ்கோப்பை மாட்டிய பிறகு, ஒரு தாளை ஒட்டி வைத்து ஒரு தடவை சுட்டிருந்தால் தெரிந்திருக்கும்" என்றேன். அப்படிச் சுட்டுப் பார்த்தாயா என்று நீதிபதி அவரைக் கேட்டார். சுகுமாரன் இல்லை என்று தலையாட்டினார். தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, வீணாக்க மனசு வரவில்லை என்றார்.

கொலைக் குற்றம் நிற்கவில்லை. அஜாக்கிரதையால் உயிர் போனதற்குத் தண்டனை கிடைத்தது, ஜெயிலுக்குப் போனார். அது பிற்பாடு. நான் சாட்சி சொன்ன அன்று, வராந்தாவில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் மகள். மணியனின் மனைவி என்று மகள்தான் சொன்னாள்.

அவள் என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வேலித் தகராறை வைத்துச் சுட்டான் என்றே அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை உடைத்தவள் நான்.

"சாரே," என்றாள். இங்கே அதிகாரி என்றால் பெண்ணும் சார்தான். "ஒரு பேப்பர்லே ஒரு வெடி வச்சு நோக்கியிருந்தா மதியாயிருந்ததா?"

ஒரு தாளில் ஒரு தடவை சுட்டுப் பார்த்திருந்தால் போதுமா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அத்ரேயே உள்ளோ, சாரே?"

அவ்வளவுதானா?

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டுக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.